ஒரே நாளில் பெயர் சூட்டிய நகரம்: அடிலெய்ட் தெருக்களில் ஐந்து நாள்

நாள் 1 – விக்டோரியா சதுக்கமும் கிங் வில்லியம் தெருவும்

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டின் வரைபடத்தைக் கையில் எடுத்தவுடன் ஒரு விஷயம் பிடிபடும். கிழக்கு மேற்காக ஓடும் தெருக்கள் நகரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வளையாமல் போகின்றன. ஆனால் நட்டநடுவே கிங் வில்லியம் தெருவைக் கடந்ததும் பெயர் மாறிவிடுகிறது. மேற்கே ஹிண்ட்லி, கிழக்கே ரண்டில். மேற்கே க்ரோட், கிழக்கே வேக்ஃபீல்ட். அரசரின் பாதையை வேறொருவர் பெயர் குறுக்கே வெட்டக்கூடாது என்பதற்காக இப்படி வைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் காரணம் எப்படியிருந்தாலும், இந்த ஏற்பாட்டால் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு மடங்கு இடம் கிடைத்தது. நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் நீளமாக இருந்த நேரம் அது.

வேறு ஊர்களில் தெருப் பெயர்கள் மெல்ல மெல்லச் சேரும். குயவர் இருந்த தெரு, கோயில் வாசல் தெரு என்று மக்கள் வாயில் பிறக்கும். அடிலெய்டில் அப்படியில்லை. முதலில் நிலம், பிறகு எண், அதற்கும் பிறகுதான் பெயர். தலைமை நில அளவையாளர் கர்னல் வில்லியம் லைட் 1837 ஜனவரி 11 அன்று அளவையைத் தொடங்கி மார்ச் 10 அன்று முடித்தார். டாரன்ஸ் ஆற்றுக்குத் தெற்கே 700, வடக்கே 342, ஆக 1,042 நகர மனைகள். ஒவ்வொன்றும் ஒரு ஏக்கர். அந்த மார்ச் மாதமே மனைகள் கைமாறத் தொடங்கின. அப்போது வாங்கியவர்கள் தெருவின் பெயரைச் சொல்லி வாங்கவில்லை, ஏக்கர் எண்ணைச் சொல்லித்தான் வாங்கினார்கள். பெயர் சூட்டும் குழு கூடியது 1837 மே 23 அன்று. ஆளுநர் ஜான் ஹிண்ட்மார்ஷும் குடியேற்ற ஆணையர் ஜேம்ஸ் ஹர்ட்டில் ஃபிஷரும் அதில் இருந்தார்கள். இன்று நாம் நடக்கும் பெரிய தெருக்களின் பெயர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு நாளில் வந்தவை.

அந்தத் தேதிக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. நகரின் நடுவிலிருக்கும் பெரிய சதுக்கத்துக்கு விக்டோரியா என்று பெயர் வைத்தபோது அவர் அரசி அல்லர், அரியணைக்கு அடுத்த இடத்தில் இருந்த இளவரசி. மறுநாள்தான் அவருக்கு 18 வயது நிறைந்தது. நான்கு வாரம் கழித்து, ஜூன் 20 அன்று, நான்காம் வில்லியம் மறைந்தார். செய்தி கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆகும் காலம். எனவே கிங் வில்லியம் தெரு உயிரோடிருந்த அரசருக்கும், அடிலெய்ட் என்ற ஊர்ப்பெயர் அவருடைய அரசிக்கும் வைத்தவை. இன்று சதுக்கத்தில் நிற்கும் விக்டோரியா சிலை 1894இல் வந்தது.

நடக்கப் போகிறவர்களுக்கு: வடக்கு டெரஸிலிருந்து தெற்கு டெரஸ் வரை கிங் வில்லியம் தெரு சுமார் 2 கிலோமீட்டர். கால் வலித்தால் டிராமில் ஏறிக்கொள்ளலாம், நகருக்குள் கட்டணமில்லை. வடக்கிலிருந்து தெற்காக ஜோடிகளை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. மேற்குப் பெயர் முதலில், கிழக்குப் பெயர் அடுத்து: ஹிண்ட்லி–ரண்டில், கரி–க்ரென்ஃபெல், வேய்மத்–பிரீ, ஃப்ராங்க்ளின்–ஃப்ளிண்டர்ஸ், க்ரோட்–வேக்ஃபீல்ட், கூஜர்–ஆங்கஸ், ரைட்–காரிங்டன், ஸ்டர்ட்–ஹாலிஃபாக்ஸ், கில்பர்ட்–கில்லஸ்.

புதிதாக வருகிறவர்கள் தவறுவது கதவு எண்ணில்தான். எண்கள் கிங் வில்லியம் தெருவில் தொடங்கி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகின்றன. ஃப்ராங்க்ளினில் ஒரு 85 உண்டென்றால் ஃப்ளிண்டர்ஸிலும் 85 என்ற எண்ணுக்கு இடமுண்டு; இரண்டும் ஒரே நேர்கோட்டில், நடுத்தெருவுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில். ஆகவே எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். இன்னொன்று: வடக்கு டெரஸைத் தாண்டி ஆற்றை நோக்கிப் போனால் அதே பாதை கிங் வில்லியம் சாலை ஆகிவிடும். தெற்கே அன்லி பகுதியிலும் ஒரு கிங் வில்லியம் சாலை இருக்கிறது. தெருவா சாலையா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு வண்டி பிடியுங்கள்.

நாள் 2 – பணம் போட்டவர்களின் தெருக்கள்

இன்றைய நடை ஹிண்ட்லியும் ரண்டிலும் சந்திக்கும் முனையில் தொடங்குகிறது. கிங் வில்லியம் 132 அடி அகலம். இவை இரண்டும் 66 அடிதான். 66 அடி என்பது அன்றைய நில அளவையாளரின் ஒரு சங்கிலி. கிங் வில்லியத்தின் குறுக்கே இரண்டு சங்கிலியை நீட்ட வேண்டும், ஹிண்ட்லிக்கு ஒன்று போதும். லைட் எல்லாத் தெருவையும் ஒரே அகலத்தில் போடவில்லை என்பதைக் காலாலேயே அளந்து பார்க்கலாம்.

பெயர்களுக்கு வருவோம். சார்ல்ஸ் ஹிண்ட்லி, ஜான் ரண்டில் இருவரும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள். ரெய்க்ஸ் கரி வங்கியாளர். ஜான் பிரீ கப்பல் வணிகர், 1841இல் லண்டன் மேயரானவர். ஹென்றி வேய்மத்தும் அதே வட்டத்துக்காரர். இவர்களை இணைக்கும் கயிறு ஒன்றுதான்: தென் ஆஸ்திரேலியக் கம்பெனி. எல்லோரும் அதன் இயக்குநர்கள், ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் தலைவர். நகரின் வடக்குப் பக்கம் முதல் மூன்று வரிசைகளை இவர்கள் நிறைத்திருப்பது ஏன் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

1834இல் நிறைவேறிய சட்டம் தென் ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தது. ஒரு கப்பல் கிளம்புவதற்கு முன்பே 35,000 பவுண்டுக்கு நிலம் விற்றாக வேண்டும். யாரும் பார்த்திராத, அளக்கப்படாத நிலம். ஒரு ஏக்கர் ஒரு பவுண்டு என்று விலை வைத்தார்கள்: 80 ஏக்கர் நாட்டுப்புற நிலமும் ஒரு ஏக்கர் நகர மனையும் சேர்ந்து 81 பவுண்டு. அப்படி 437 பத்திரங்கள். 437ஐ 81ஆல் பெருக்கினால் 35,397, நிபந்தனையைத் தாண்டிவிடும். ஆனால் பத்திரங்கள் விற்றுத் தீரவில்லை. அப்போது ஆங்கஸும் கூட்டாளிகளும் முன்வந்து, விலையை ஏக்கருக்கு 12 ஷில்லிங் (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்) ஆக்கினால் மிச்சத்தை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அதே 81 பவுண்டுக்கு இப்போது 134 ஏக்கர் நாட்டுப்புற நிலமும் ஒரு நகர மனையும் என்றாயிற்று. நிபந்தனை நிறைவேறியது, கப்பல்கள் கிளம்பின. பங்குதாரர்களின் பெயர்களைத் தெருவெங்கும் எழுதியது இந்தக் கடனுக்காகத்தான். இவர்களில் பின்னாளில் இங்கே வந்து குடியேறியவர் ஆங்கஸ்; அவர் வந்ததும் 1851இல். ரண்டில் தன் பெயரில் இருக்கும் தெருவில் கால் வைத்ததே இல்லை.

இந்தக் கணக்குத் தெரிந்தால் வேக்ஃபீல்ட் தெருவில் பலர் செய்யும் தவறும் விளங்கும். குடியேற்றக் கொள்கையை வகுத்த எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டுக்கு வைத்த பெயர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படியில்லை. அவருடைய தம்பி, சட்ட வரைவை எழுதிய வழக்கறிஞர் டேனியல் பெல் வேக்ஃபீல்டின் பெயர் அது. அண்ணன், நிலத்தை இவ்வளவு மலிவாக விற்றால் தன் கொள்கையே குலைந்துவிடும் என்று சொல்லித் திட்டத்தை விட்டு விலகிவிட்டார். கொள்கை சொன்னவருக்குத் தெரு இல்லாமல், சட்டம் எழுதியவருக்கு நகரின் மிக அகலமான தெருக்களில் ஒன்று கிடைத்தது.

எங்களுக்கு மிகவும் பிடித்த ஜோடி ஃப்ராங்க்ளினும் ஃப்ளிண்டர்ஸும். இதில் பணம் இல்லை, கடல் இருக்கிறது. மேத்யூ ஃப்ளிண்டர்ஸ் 1802இல் இந்தக் கடற்கரையை வரைபடமாக்கினார். அந்தக் கப்பலில் சிறுவயதுப் பயிற்சி அதிகாரியாக இருந்தவர் ஜான் ஃப்ராங்க்ளின். 1837இல் ஃப்ராங்க்ளின் வான் டீமன்ஸ் லாந்தின், அதாவது இன்றைய டாஸ்மேனியாவின், துணை ஆளுநராக அமர்ந்துவிட்டார். 1841இல் இந்த மாநிலத்துக்கு வந்து, போர்ட் லிங்கனுக்கு அருகே தன் பழைய தலைவனுக்கு நினைவுத்தூண் எழுப்ப ஏற்பாடு செய்தார். குருவும் சீடனும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறார்கள். அஞ்சல் அலுவலகத்தருகே சாலையைக் கடக்கும்போது இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை என்று இரண்டையும் நின்று பாருங்கள்.

உச்சரிப்பு பற்றி ஒரு வரி. மத்திய சந்தைக்கும் சைனா டவுனுக்கும் போகும் தெருவை எழுத்தைப் பார்த்து 'கவ்கர்' என்று சொல்லி வழி கேட்டால் யாருக்கும் புரியாது. கூஜர் என்று சொல்லுங்கள். ராபர்ட் கூஜர் இக்குடியேற்றத்தின் முதல் காலனிச் செயலாளர்.

ரண்டிலில் இன்னொரு சிக்கல் உண்டு. கிங் வில்லியத்துக்கும் பல்ட்னி தெருவுக்கும் இடையிலான பகுதி 1976 செப்டம்பரில் வாகனம் புகாத ரண்டில் மால் ஆனது. அதற்குக் கிழக்கே அது ரண்டில் தெரு, பூங்காவுக்குள் ரண்டில் சாலை, அதையும் தாண்டி கென்ட் டவுனில் மறுபடியும் ரண்டில் தெரு. ஒரே கோட்டில் நான்கு துண்டு. முகவரியில் புறநகரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாள் 3 – சதுக்கங்கள், ஒரு கல்லறை, அழிந்த இரண்டு பெயர்கள்

விக்டோரியாவைச் சுற்றி நான்கு சிறு சதுக்கங்கள்: வடமேற்கில் லைட், வடகிழக்கில் ஹிண்ட்மார்ஷ், தென்கிழக்கில் ஹர்ட்டில், தென்மேற்கில் விட்மோர். நான்கையும் சுற்றிவர அரை நாள் போதும்.

ஹிண்ட்மார்ஷும் ஹர்ட்டிலும் ஒரே கிழக்குப் பக்கத்தில், பல்ட்னி தெருவின் மேல் வரிசையாக அமைந்திருப்பதைக் கவனியுங்கள். ஹர்ட்டில் என்பது ஃபிஷரின் நடுப்பெயர். இந்தக் குடியேற்றத்தில் அதிகாரம் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆளுநர் ஹிண்ட்மார்ஷிடம் ஆட்சி, ஆணையர் ஃபிஷரிடம் நிலம். இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. 1838இல் ஹிண்ட்மார்ஷைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், இரண்டு பதவிகளையும் சேர்த்து ஜார்ஜ் காலரிடம் ஒப்படைத்தார்கள். காலர் ப்ளேஸ் என்ற குறுந்தெரு அவர் பெயரில் இருக்கிறது. இரு சதுக்கங்களையும் நூல் பிடித்ததுபோல் இணைக்கும் பல்ட்னி என்ற பெயரும் ஹிண்ட்மார்ஷ் பக்கத்திலிருந்து வந்ததுதான். அவருக்கு ஆதரவாக இருந்த கடற்படை அட்மிரல் சர் பல்ட்னி மால்கமின் முதற்பெயர். விட்மோர் என்பவர் வில்லியம் வுல்ரிச் விட்மோர், தென் ஆஸ்திரேலியச் சட்டத்தை மக்களவையில் முன்வைத்தவர்.

நகரை வரைந்த வில்லியம் லைட்டுக்கு வடமேற்குச் சதுக்கம். பெயர் மட்டுமல்ல, அவரும் அங்கேயே இருக்கிறார். 1839 அக்டோபரில் இறந்தவரை அந்தச் சதுக்கத்திலேயே புதைத்தார்கள். முதலில் வைத்த மணற்கல் நினைவுச்சின்னம் சிதைந்துபோக, 1905இல் சிவப்புக் கிரானைட்டில் புதியது எழுந்தது. தலையை உயர்த்தி உச்சியைப் பாருங்கள். சிலுவை இல்லை, உருவச்சிலை இல்லை. மூன்று கால் தாங்கியில் நிற்கும் தியோடலைட், கோணம் அளக்கும் கருவி. நில அளவையாளர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான கல்லறைச் சின்னத்தை நாங்கள் பார்த்ததில்லை. நகரை ஆற்றோரம் வைப்பதா துறைமுகத்துக்குப் பக்கத்தில் வைப்பதா என்று 1837 பிப்ரவரியில் வாக்கெடுப்பே நடந்தது; லைட் தேர்ந்த இடமே வென்றது. அவருக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் ஜான் மார்ஃபெட். லைட் சதுக்கத்தின் வழியாக ஓடும் தெரு மார்ஃபெட் தெரு.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு இணைப்பு. லைட் பிறந்தது 1786இல், மலாயாக் கரையில், குவாலா கெடாவில். தந்தை ஃப்ரான்சிஸ் லைட்தான் அதே ஆண்டு பினாங்கில் ஜார்ஜ் டவுனை நிறுவியவர். அங்கே லைட் தெருவும் உண்டு, சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களின் பெயரால் சூலியா தெருவும் உண்டு.

மார்ஃபெட் தெருவில் தெற்கே நடந்து விட்மோர் சதுக்கத்தை நெருங்கும்போது கால் நிற்கும் இடம் 1967 வரை ப்ரவுன் தெரு. குடியேறுவோர் நலனைப் பார்த்த அதிகாரி ஜான் ப்ரவுனின் பெயர். அதேபோல் பல்ட்னியின் தென்பாதி ஹான்சன் தெரு. பின்னாளில் மாகாணப் பிரதமராகவும் தலைமை நீதிபதியாகவும் ஆன ரிச்சர்ட் டேவிஸ் ஹான்சன். ஒரே கோட்டுக்கு ஒரே பெயர் இருக்கட்டும் என்று 1967இல் இரண்டையும் நீக்கிவிட்டார்கள். இது எங்களுக்கு ஏற்பில்லை. கிழக்கு மேற்கில் ஒன்பது ஜோடி இரட்டைப் பெயர்களை விட்டுவைத்துவிட்டு, இந்த இரண்டு பேரை மட்டும் அழித்ததில் என்ன எளிமை வந்துவிட்டது? நடைமுறையிலும் இது இடறும். 1967க்கு முந்தைய கடிதம், திருமணப் பதிவு, கடை விளம்பரம் எதிலாவது ப்ரவுன் தெரு என்று இருந்தால் இன்றைய வரைபடத்தில் தேடிக் கிடைக்காது. மார்ஃபெட்டின் தென்பாதியில் தேடுங்கள். கதவு எண் இன்றைய எண்ணோடு பொருந்தும் என்று நம்ப வேண்டாம். தெற்கிலிருக்கும் முதன்மை மனைகளுக்கு ஏக்கர் எண்தான் கடைசிவரை மாறாத அடையாளம். பழைய பத்திரங்களில் முதலில் அதைப் பாருங்கள்.

நாள் 4 – வடக்கு அடிலெய்ட்

ஆற்றைக் கடந்து மான்டிஃபியோர் குன்றில் ஏறினால் லைட்டின் சிலை தெற்கே கைநீட்டி நிற்கும். 1938 வரை அது விக்டோரியா சதுக்கத்தில் இருந்தது. குன்றின் பெயர் குடியேற்ற ஆணையர்களில் ஒருவரான ஜேக்கப் மான்டிஃபியோருடையது.

இங்கே பெயர்களின் சாயல் மாறுகிறது. கம்பெனிக்காரர்கள் குறைவு, அரசியல்வாதிகள் அதிகம். மெல்போர்ன் தெரு அந்த ஊரைக் குறிப்பதல்ல, அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் மெல்போர்ன் பிரபுவை. பக்ஸ்டன் தெரு அடிமை ஒழிப்புக்குப் போராடிய தாமஸ் ஃபவல் பக்ஸ்டன். ஹில் தெரு ரோலண்ட் ஹில். குடியேற்ற ஆணையத்தின் செயலாளராக இருந்து, 1840இல் ஒரு பென்னி அஞ்சலைக் கொண்டுவந்த அதே மனிதர். ஜெஃப்காட் தெருவுக்குரிய நீதிபதி ஜான் ஜெஃப்காட் பெயர் வைத்த அதே ஆண்டு டிசம்பரில் நீரில் மூழ்கி இறந்தார்.

வெலிங்டன் சதுக்கத்துக்கு ஒரு பின்னணி சொல்வார்கள். மேலவையில் சட்டத்தை நிறைவேற்றித் தந்ததற்கு நன்றியாகத் தலைநகருக்கே வெலிங்டன் கோமகனின் பெயரை வைப்பதாகப் பேச்சு இருந்ததாம். அரசர் தன் மனைவியின் பெயரை விரும்பவே, கோமகனுக்கு இந்தச் சதுக்கம் மிஞ்சியது. அவருக்கு மிக அருகிலேயே ஓகானல் தெரு. அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் தலைவர் டேனியல் ஓகானல். லண்டனில் எதிரெதிர் அணியில் நின்றவர்களை இந்த வரைபடம் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறது.

இன்று வேறெதுவும் அதிகம் இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்கள் காலையிலேயே குன்றை ஏறி இறங்கிவிடுங்கள். 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு.

நாள் 5 – பலகையின் இரண்டாவது வரி

நான்கு நாளும் ஒவ்வொரு சதுக்கத்தின் பலகையிலும் இரண்டாவதாக ஒரு பெயர் இருந்தது. இந்த நிலம் பழங்குடியினரான கௌர்னா மக்களுடையது. நகராட்சி 2002, 2003 ஆண்டுகளில் சதுக்கங்களுக்குக் கௌர்னாப் பெயர்களையும் சேர்த்தது. லைட் சதுக்கம் வவ்வி. ஹிண்ட்மார்ஷ் முகட்டா. ஹர்ட்டில் தங்கைரா. விட்மோர் இபரிட்யி. வெலிங்டன் குட்னார்ட்டு. ஐந்துமே பெண்களின் பெயர்கள். முதல் மூவரும் குடியேறிகள் வந்தபோது இங்கே தலைவர்களாக இருந்தவர்களின் மனைவியர்: கட்லிட்பினா, முல்லவிரபுர்கா, இட்யமைட்பினா. இபரிட்யி தங்கைராவின் மகள். மென்தூறல் என்று அந்தப் பெயருக்குப் பொருள். 1929 வரை வாழ்ந்தவர். எனவே ஹர்ட்டிலிலிருந்து விட்மோருக்கு மேற்கே நடப்பது தாயிடமிருந்து மகளிடம் போவது.

குட்னார்ட்டு என்பது மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தைக்கு வைக்கும் பெயர். கௌர்னாவில் பிறந்த வரிசைக்கும் பாலுக்கும் ஏற்ப இப்படித் தனித்தனிப் பெயர்கள் உண்டு. 1848இல் தாமஸ் ஆடம்ஸ் என்ற குடியேறியைச் சட்டப்படி மணந்தவர் சதுக்கத்தின் பெயருக்குரிய குட்னார்ட்டு. இம்மாநிலத்தில் அப்படி மணந்த முதல் பழங்குடிப் பெண். கிளேர் அருகே அவர் பெயரில் ஒரு துண்டு நிலத்தை அரசு கொடுத்தது. 1855இல் அவர் இறந்ததும் அந்த நிலத்தைக் கணவரிடமும் பிள்ளைகளிடமும் விடாமல் திரும்ப எடுத்துக்கொண்டது. பலகை முன் நிற்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கடைசியாக விக்டோரியா சதுக்கம். 1971 ஜூலையில் பழங்குடி மக்களின் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடி முதன்முதலில் ஏறியது இங்கேதான். இதன் கௌர்னாப் பெயரை ரோமன் எழுத்தில் பார்த்தால் வாயில் நுழையாது. ஆங்கிலம் பேசுவோர் 'டார்ன்டன்யாங்கா' என்று தடுமாறுவார்கள். தமிழருக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டியதில்லை. அந்த எழுத்துமுறையில் 'ர்' போல நிற்கும் குறி தனி ஒலியல்ல. அடுத்து வரும் மெய்யை நாவை வளைத்துச் சொல் என்பதற்கான அடையாளம். நம்மிடம் அதற்கு ண, ட இருக்கின்றன. 'ன்ய்' என்று பிரித்து எழுதுவது நம்முடைய ஞ. அசை அசையாக எழுதினால்: த, ண்ட, ஞ, ங்க. தண்டஞங்க. தமிழைப் போலவே கௌர்னாவிலும் க, ப, ட ஒலிகளுக்கு வல்லொலி மெல்லொலி என்ற பொருள் வேறுபாடு கிடையாது. அதனால்தான் ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் எழுதிவைத்திருக்கிறார்கள். 2010இல் எழுத்துமுறையைத் திருத்தியபோதும் இந்தச் சொல்லின் எழுத்து மாறியது. இரண்டு விதப் பலகைகளைப் பார்த்தால் ஒன்று பிழை என்று எண்ண வேண்டாம். இது மொழிக்குடும்ப உறவல்ல, ஒலி அமைப்பில் உள்ள ஒற்றுமை மட்டுமே.

தண்டஞ என்பது செங்கங்காரு இருக்கும் இடம். இறுதியில் வரும் 'ங்க' நம் 'இல்' போன்ற இடப்பொருள் உருபு. இது தெரிந்துவிட்டால் நகருக்கு வெளியேயும் பலகைகள் பேசத் தொடங்கும். தெற்கே போகும் ரயிலில், பேருந்தில், நோர்லங்கா, வில்லங்கா, ஆல்டிங்கா, ஓங்கப்பரிங்கா என்று வரிசையாக வரும் ஊர்ப்பெயர்களின் வாலில் இருப்பது அதே உருபு. ஓங்கப்பரிங்கா என்பதைப் பிரித்தால் பெண்களின் ஆற்றில் என்று வரும். இவை 1837 மே 23க்கு முன்பே இருந்த பெயர்கள், எந்தக் குழுவும் கூடி வைத்தவையல்ல. நோர்லங்கா மையம் வழியாகப் போகும் ரயில் வடக்கு டெரஸ் நிலையத்திலிருந்து கிளம்புகிறது; பெயர்ப் பலகைகளைப் படிக்க வசதியாக ஜன்னலோரம் உட்காருங்கள்.